யோகராணியும் காணாமல் போன வில்லியமும்

"உவள் மேரி ஆற்றை பெட்டை?" என்று யோகராணி கேட்கும்போது அந்த மேரி செத்து இருநூறு வருடம் தாண்டியிருக்கும். இடம், கியூபெக்கில் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடம். இடைவேளை விட்டதும் மற்றவர்கள் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்பார்கள். யோகராணி தலைமுடிக்குப் போடும் வலையைக்கூடக் கழற்றாமல் மூலை மேசையில் போய்க் குந்தி, யோர்க்ஷயர் கிராமம் ஒன்றின் பழைய தேவாலயப் பதிவேட்டைக் கைபேசியில் திறந்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவார். ஒரு கையில் சம்பல் வைத்த பாண், மற்றக் கையில் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறாம் ஆண்டு.

"தகப்பன் தோமஸ், அது சரி. தாய் எவடம்? அதை அந்தப் பாதிரி எழுதேல்லை. கோதாரி விழுவான், தாயின்ரை ஊரை எழுதாமல் உது என்ன பதிவு?"

பக்கத்தில் இருந்து இதைக் கேட்கும் கொடுப்பினை கஜந்தினிக்கு. புதிதாக வேலைக்கு வந்த பெண். வந்த முதல் நாளே அவளையும் யோகராணி மேசையில் இருத்தி விசாரித்துவிட்டார். "பிள்ளை எவடம்? உடுவிலோ? உடுவிலிலை எவடம்? தகப்பன்ரை பேர் என்ன? தாய் எந்தப் பக்கம்?" கஜந்தினி பாணை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள். இப்போது அக்கா தன்னை விட்டுவிட்டு இங்கிலாந்துக்காரரைப் பிடித்துக்கொண்டதில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பேசி வந்தால் எப்படித் தோண்டுவார்களோ, அப்படித்தான் யோகராணி இங்கிலாந்தின் செத்தவர்களைத் தோண்டுகிறார். தகப்பன் யார், தாய் எவ்விடம், கட்டினது எங்கே, கூடப்பிறந்தது எத்தனை, அதில் ஓடிப்போனது எத்தனை. திருமணப் பதிவையும் ஞானஸ்நானப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் மடிப்பார். "கலியாணம் பங்குனியிலை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் புரட்டாதியிலை. எண்ணிப் பார் பிள்ளை." கஜந்தினி எண்ணுவாள். "ஓமோம்" என்று யோகராணி தலையை ஆட்டுவார். "பாதிரிக்கும் விளங்கியிருக்கு. அதுதான் அந்த வரியிலை எழுத்துக் கொஞ்சம் கோணியிருக்கு."

தகப்பன் பேர் இல்லாத பிள்ளை ஒன்று அகப்பட்டால் அன்றைய இடைவேளை போதாது. அந்தக் காலத்துப் பாதிரிகள் அப்படிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், 'தகப்பன் என்று சொல்லப்படுபவன் இன்னான்' என்று எழுதி வைத்தார்கள். "சொல்லப்படுபவனாம்! ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. பாதிரிக்கு மட்டும் வெக்கம்." ஒரு வீட்டில் வில்லியம் என்று ஒரு பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கும் வில்லியம், அதுவும் செத்தால் அதற்கடுத்ததற்கும் வில்லியம். "உந்தச் சனத்துக்கு வேறை பேரே அகப்படேல்லையோ?" என்று திட்டிக்கொண்டே போவார். அடுத்த பக்கம் அடக்கப் பதிவாக இருக்கும். ஒரு மாதப் பிள்ளை, அதன் கீழே அதன் தாய். பாணைக் கீழே வைத்துவிட்டு, "பாவம் பெட்டை. ஒரு மருந்தும் இருந்திராது" என்பார். பிறகு இடைவேளை முடியும்வரை அந்தப் பாணைத் தொடமாட்டார்.

கோண்டாவில் செல்லத்துரையின் மகள், திருநீறு பூசி வளர்ந்த சைவப் பெட்டை, இவருக்கு யோர்க்ஷயரில் என்ன வேலை என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் காரணம் யோசெப் பிக்கர்ஸ்கில். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆள் நல்ல கறுப்பு, பேச்சு சுத்த யாழ்ப்பாணம், பேர் மட்டும் கப்பலில் வந்து இறங்கியது. வில்லரேயில், புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வரவில்லை. ஆகவே காதல் வந்தது.

யோசெப் கிறிஸ்தவர் என்று அறிந்ததும் ரொறொன்ரோவில் இருந்த அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "வேதக்காரனைக் கட்டினியெண்டால் நீ எங்களுக்கு இல்லை. உனக்கு இனி ஒரு பகுதியும் இல்லை, சொந்தமும் இல்லை." சொன்ன சொல் காப்பாற்றுவதில் அண்ணை அதற்கு முன்பும் பெயர் எடுத்ததில்லை, பின்பும் எடுத்ததில்லை. இந்த ஒன்றில் மட்டும் முப்பது வருடமாக அரிச்சந்திரன். ஊரிலே அப்பா தலைமுழுகினார். அம்மா செத்த செய்தி மூன்றாம் ஆள் சொல்லித்தான் வந்தது. யோசெப்பின் பக்கம் திரும்பினால் அங்கேயும் வெறும் வளவு. கூடப்பிறந்தவர் இல்லை, தாய் தகப்பனும் போய்விட்டார்கள். மாமி என்று கூப்பிட ஒருத்தி இல்லை, மச்சாள் என்று சண்டை பிடிக்க ஒருத்தி இல்லை. ஊரெல்லாம் எந்தப் பகுதி என்று கேட்டு வைக்கும் யோகராணி, அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் கழிவறைக்குப் போகிறவர்போல எழும்பிப் போய்விடுவார்.

சரி, கட்டினவனின் பேரையாவது போட்டுக்கொள்வோம் என்று போனால், அதற்கும் கியூபெக் விடவில்லை. இங்கே கலியாணம் கட்டினால் பெண் புருஷன் பேரை எடுக்க ஏலாது. "மதாம், இங்கே பெண்கள் சுதந்திரமானவர்கள். உங்கள் அப்பாவின் பேரையே வைத்திருக்கலாம்" என்று கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டு சொன்னாளாம். தலைமுழுகின அப்பாவின் பேர்தான் இன்றைக்கும் யோகராணியின் வேலை அட்டையில், நெஞ்சுக்கு நேரே தொங்குகிறது. வங்கியிலும் அதுதான், ஆஸ்பத்திரியிலும் அதுதான். "எனக்குத் தந்த சுதந்திரத்தைப் பார்" என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

கொரோனாக் காலத்தில் வேலை நின்று வீட்டில் இருந்தபோது, பொழுது போகாமல் கைபேசியில் பிக்கர்ஸ்கில் என்று தட்டினார். குலமுறை தேடுகிறவர்கள் கூடும் இணையதளம் ஒன்று திறந்தது. அதில் டொரீன் என்ற ஒரு பெண்மணியின் அறிவிப்பு. தன்னுடைய கொள்ளுப்பாட்டனுக்கும் முந்தியவரின் தம்பி வில்லியம் பிக்கர்ஸ்கில், ஆயிரத்து எண்ணூற்று எட்டில் யோர்க்ஷயரில் ஞானஸ்நானம் பெற்றவன், அதற்குப் பிறகு எந்தப் பதிவிலும் இல்லை. கலியாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. அவனைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

யோகராணிக்கு உடனே தெரிந்துவிட்டது. இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? ஊரில் ஒரு இளந்தாரி திடீரென்று காணாமல் போனால், ஒன்றில் செத்திருப்பான், ஒன்றில் வெளிநாடு போயிருப்பான். செத்ததாகப் பதிவு இல்லை. ஆகவே வெளிநாடுதான். வெளிநாடு போனவன் கடிதம் போடவில்லை என்றால் அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று அர்த்தம். கோண்டாவிலிலும் இதுதான் நடந்தது, உடுவிலிலும் இதுதான் நடந்தது. யோர்க்ஷயரில் மட்டும் வேறு மாதிரியா நடக்கும்? யாழ்ப்பாணத்தில் பிக்கர்ஸ்கில் என்று ஒரு பேர் எழும்பினதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். யோகராணி ஒரே ஒரு வரி எழுதினார்: 'உங்கள் வில்லியம் எங்களிடம் வந்தான்.'

மறுமொழி அன்று பின்னேரமே வந்தது. டொரீன் இருந்தது இங்கிலாந்தில் இல்லை. கர்க்லாண்டில், மெட்ரோவும் பஸ்ஸும் எடுத்தால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்.

டொரீன் பிக்கர்ஸ்கில் கலியாணம் கட்டாத, ஓய்வுபெற்ற ஆசிரியை. எண்பதைத் தாண்டியும் மற்றவர்களின் எழுத்தைத் திருத்தும் வியாதி போகவில்லை. கதவைத் திறந்து யோகராணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வில்லியத்துக்கு வெயில் ஒத்துக்கொண்டிருக்கிறது" என்றாராம். யோகராணி அந்த இடத்திலேயே அவரைச் சொந்தமாக்கிக்கொண்டார். "நீங்கள் எனக்கு மச்சாள்" என்று முறை சொல்லிக் கொடுத்தார். மச்சாள் என்றால் என்ன? புருஷன் பக்கத்துப் பெண். சகோதரி மாதிரி, ஆனால் கொழுவலாம், சண்டை பிடிக்கலாம். கொழுவலாம் என்ற பகுதி டொரீனுக்கு நல்லாய்ப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வாசலில் நின்று, "மச்சாள், தாமதம்" என்று கூப்பிடுவார். வில்லரேயில் இருந்து கர்க்லாண்டுக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

மூன்று வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் இதுதான். யோகராணி ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துக்கொண்டு போவார். ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் தனிப் பெட்டியில் போகும். டொரீன் முதலில் பால் குடித்துக் குடித்துச் சாப்பிட்டவர், இப்போது உறைப்புக் குறைந்தால், "உனக்கு இன்று உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்கிறார். தான் தருவதென்றால் ஈரம் கண்டிராத பிஸ்கட்டும் தேத்தண்ணீரும். சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார்கள். ஒரு எழுத்து எஸ்ஸா எஃப்பா என்பதில் தொடங்கும் சண்டை பின்னேரம்வரை போகும். ஒரு பாதிரியின் கையெழுத்து தலைவலியால் கெட்டது என்பது டொரீனின் கட்சி. "விசர்க்கதை! மனுசன் குடி. பாருங்கோ, காலமை எழுதினது நேரா நிக்குது, பின்னேரம் எழுதினது படுத்திருக்குது" என்பது யோகராணியின் கட்சி. இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலம். யோகராணியின் ஆங்கிலம் இன்னும் கோண்டாவிலை விட்டு வெளிக்கிடவில்லை. ஆகவே அவர் சொல்வதை அவர் தமிழிலேயே கேட்பது எல்லாருக்கும் நல்லது.

இந்தக் கோடைக்கு டொரீன் ஒரு பெரிய காரியம் செய்தார். ஒட்டாவா, கிங்ஸ்டன், ஹாலிஃபாக்ஸ் என்று சிதறிக் கிடக்கும் பிக்கர்ஸ்கில்களை எல்லாம் தன் வீட்டுப் பின்வளவுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். கராஜ் கதவில் குடும்ப மரத்தைத் தொங்கவிடுவது, அதற்குக் கீழே யோசெப்பை நிறுத்திப் படம் எடுப்பது என்று திட்டம். மரத்தில் வில்லியத்தின் கிளை கீழே இறங்கி, கடலைத் தாண்டி, யாழ்ப்பாணத்தில் முளைத்து, வில்லரேயில் முடியும். வருகிறவர்கள் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளப் பேர் எழுதிய ஒட்டுத்தாள்களும் டொரீன் தன் கையால் எழுதினார். அவற்றில் ஒன்றை எடுத்து யோகராணிக்கு முன்னமே காட்டினார். ஆசிரியையின் முத்தான எழுத்தில், 'யோகராணி பிக்கர்ஸ்கில்'. கியூபெக் அரசாங்கம் தர மறுத்த பேர். யோகராணி அதைக் கையில் வாங்கவில்லை. எண்ணெய்க் கை, அழுக்காகிவிடும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் யோசெப் புட்டைப் பிசைந்துகொண்டு ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்பதால் வீட்டில் வாயைத் திறந்து செலவழிப்பதில்லை. யோகராணி அவர் முன்னால் கோட்டைத் தூக்கிப் பிடித்தார். "வாற சனிக்கிழமை இதைப் போடுங்கோ. படம் எடுக்கேக்கை மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்காதேங்கோ."

"நான் வரேல்லை" என்றார் யோசெப்.

"ஏன் வரேல்லை?"

"அந்தச் சனம் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லையப்பா."

யோகராணி ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். அந்த வீட்டில் அது போர்ப் பிரகடனம். யோசெப் வேறு வழியில்லாமல் கதைத்தார். அந்த வருடம் முழுவதற்குமான பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது.

"எங்கடை பூட்டன்ரை தகப்பனுக்குப் பெத்தவை வைச்ச பேர் கந்தன். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பாதிரிமாரின்ரை விடுதிப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டவை. சீமையிலை இருந்து ஆரேன் ஒராள் ஒரு பிள்ளையின்ரை சாப்பாட்டுக்குக் காசு அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அந்தாளின்ரை பேரை வைக்கிறது. அதுதான் அப்ப வழமை. ஆரோ ஒரு பிக்கர்ஸ்கில் மனிசி அனுப்பியிருக்கிறா. கந்தன் பிக்கர்ஸ்கில் ஆனார். எங்கடை வேதக்கோயில் ஆக்களிலை கனபேருக்கு இப்பிடித்தான் பேர் வந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே!"

"நீர் சைவம்தானே. உமக்கும் தெரியுமெண்டு நினைச்சன். பேந்து பாத்தால் தெரியாதெண்டு விளங்கிச்சு."

"விளங்கினால் சொல்லுறதுக்கென்ன? வாயிலை கொழுக்கட்டையோ?"

யோசெப் புட்டைப் பார்த்தார். "சனிக்கிழமையிலை நீர் நல்ல சந்தோசத்தோடை வெளிக்கிட்டுப் போறனீர். இந்த வீட்டிலை உம்மை அப்பிடி நான் கண்டதில்லை. பிறகேன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்" என்றார். சற்று யோசித்து, "எனக்கும் ஆறுதலா மட்ச் பாக்கலாம்" என்று உண்மையையும் சேர்த்தார்.

யோகராணிக்கு முதலில் வந்தது சிரிப்பு. சோபாவில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கந்தசாமியாரே! கந்தன்ரை வழியிலை வந்தவனைக் கட்டினதுக்கோ என்னைத் தலைமுழுகினவை? வேதக்காரன் வேதக்காரன் எண்டு குளறின அண்ணைக்கு ஆர் உதைச் சொல்லுறது?" தொலைபேசியைக்கூட எடுத்தார். எடுத்து, அண்ணையின் இலக்கம் தன்னிடம் இல்லை என்பது நினைவு வந்து வைத்தார். அப்போதுதான் சிரிப்பு நின்றது. கந்தன் கந்தனாக இருந்தால் வில்லியம் வரவில்லை. வில்லியம் வரவில்லை என்றால் டொரீன் மச்சாள் இல்லை. எங்கோ கர்க்லாண்டில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. முப்பது வருடம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு உறவை யோசெப் ஒரு கோப்பைப் புட்டோடு சாப்பிட்டு முடித்துவிட்டார்.

அந்தக் கிழமை டோர்வலில் தட்டு அடுக்கும்போது யோகராணி பன் வைக்க வேண்டிய இடத்தில் வெண்ணெயை வைத்தார். இடைவேளையில் கைபேசி பைக்குள்ளேயே கிடந்தது. கஜந்தினி விஷயத்தைக் கேட்டறிந்து, இளசுகளுக்கே உரிய ஞானத்தோடு சொன்னாள்: "சொல்லாமல் விடுங்கோ அக்கா. வில்லியம் எழும்பி வந்தே சாட்சி சொல்லப்போறான்?"

"சொல்லாட்டில் ஆருக்கும் தெரியாதுதான். ஆனால் பிள்ளை, மாப்பிள்ளைக்கு முதல் தாரம் இருந்ததை மறைச்சுச் சம்பந்தம் பேசினவையை நான் எத்தினை மேடையிலை நாறடிச்சிருப்பன்? இப்ப நானே புளுகுச் சம்பந்தம் பேசிக்கொண்டு போய்க் கராஜ் கதவிலை தொங்கவிடுறதோ?"

"அப்ப உங்கடை மச்சாள்?"

யோகராணி தலைவலையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை, விருந்தாளிகள் வருமுன்பே கர்க்லாண்டுக்குப் போய்விட்டார். யோசெப் கோட்டும் போடவில்லை, வரவும் இல்லை. பொரிக்காத ரோல்ஸ் இரண்டு பெரிய பெட்டி நிறைய. டொரீன் குசினி மேசையில் ஒட்டுத்தாள்களை எழுத்து ஒழுங்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். யோகராணி பெட்டியை வைத்த கையோடு, இருக்கக்கூட இல்லாமல், கந்தனில் தொடங்கிக் காசு அனுப்பின மனிசிவரை கொட்டித் தீர்த்தார். "வில்லியம் எங்களிட்டை வரேல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வேணுமெண்டு சொல்லேல்லை. நான் உங்களுக்கு மச்சாள் இல்லை" என்றார்.

டொரீன் ஒட்டுத்தாள்களை அடுக்கி முடித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காசு அனுப்பினது எங்கள் குடும்பம் இல்லை" என்றார். "எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் ஒரு செம்புக்காசு கொடுத்ததாக வரலாறே இல்லை. அது வேறு பிக்கர்ஸ்கில்."

அவ்வளவுதான். எழும்பிப் பின்வளவுக்குப் போனார். கராஜ் கதவில் இருந்த மரத்தின் கீழ்ப்பாதியை, யாழ்ப்பாணத்துத் தாளை, மெதுவாக உரித்து எடுப்பது யன்னலால் தெரிந்தது. யோகராணியின் பேர் எழுதிய ஒட்டுத்தாள் மேசையில் தனியாகக் கிடந்தது. இனி என்ன, எண்ணெயை வைத்து ரோல்ஸைப் பொரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டியதுதான் என்று யோகராணி நினைத்தார். கொண்டுவந்த சாப்பாட்டைப் பொரிக்காமல் போவது ஆண்டவனுக்கே அடுக்காது. கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்பார் கேட்டால்.

கார்கள் வந்தன. சிவந்த முகங்களும் அரைக்காற்சட்டைகளும் பின்வளவில் நிறைந்தன. எல்லார் நெஞ்சிலும் பேர். ரோல்ஸின் மணம் பிடித்துக் குசினிக்குள் முதலில் வந்தவன் கொலின், டொரீனின் தம்பி மகன், ஒட்டாவாக்காரன். ஒன்றை எடுத்துக் கடித்தான், வாயைச் சுட்டுக்கொண்டான், இன்னொன்றை எடுத்தான். பிறகுதான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நெஞ்சில் பேர் இல்லாமல் நிற்கிற பெண்ணைக் கண்டான்.

"நீங்கள் எங்களுக்கு எந்த வழியில் சொந்தம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.

வாழ்நாள் முழுக்க உயிரோடு இருப்பவர்களையும் செத்தவர்களையும் இந்தக் கேள்வியால் குடைந்தெடுத்த யோகராணி, எண்ணெய்க் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். வெளியே ஓடக் கழிவறை எந்தப் பக்கம் என்றுகூட அப்போது நினைவு வரவில்லை. "ஒரு வழியிலையும் இல்லை, தம்பி" என்றார்.

"பொய்" என்றது வாசல் பக்கத்தில் ஒரு குரல். டொரீன். நேராக மேசைக்கு வந்து அந்த ஒட்டுத்தாளை எடுத்தார். "இதை நான் என் கையால் எழுதினேன். எழுதினதை நான் வீணாக்குவதில்லை." பின்பக்கத்தை உரித்து, யோகராணியின் சமையல் மேலாடையில், வேலை அட்டை வழக்கமாகத் தொங்கும் இடத்தில், ஓங்கி ஒரு தட்டுத் தட்டி ஒட்டினார். "கீழ்த்தாளை உரித்தேன், அது பிழையான தகவல். பிழையைச் சுவரில் தொங்கவிட முடியாது. ஆனால் வில்லியம் மறுபடியும் தொலைந்துபோனான், கேட்டாயா? மூன்று வருட வேலை. அதை நான் தனியாகச் செய்யப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமை தாமதிக்காதே, மச்சாள்."

கொலின் மூன்றாவது ரோல்ஸை எடுத்தான். யோகராணி தன் நெஞ்சில் இருந்த பேரைக் குனிந்து தலைகீழாக வாசித்தார். சீமைக்காரி ஒருத்தி மறுபடியும் கந்தன் வீட்டில் ஒரு பேரை ஒட்டிவிட்டாள். இந்த யோசனை வந்ததும் அவருக்கு அடிவயிற்றில் இருந்து சிரிப்புக் கிளம்பியது. அடுப்பை அணைத்தார். மேசையில் எழுதாமல் கிடந்த ஒட்டுத்தாள் ஒன்றை இழுத்தார்.

"இருங்கோ மச்சாள். ஒரு கணக்கு இருக்கு. சாப்பாட்டுக்குக் குடுக்கிற ஆளின்ரை பேர்தானே சாப்பிடுற பிள்ளைக்கு? அதுதானே உங்கடை ஆக்களின்ரை சட்டம்? மூண்டு வருசமா உங்களுக்குச் சாப்பாடு போடுறது ஆர்?"

டொரீன் இதற்கிடையில் தட்டில் இருந்து எடுத்திருந்த ரோல்ஸைப் பார்த்தார். ஏற்கெனவே பாதி கடித்திருந்தார்.

"நீ" என்றார்.

யோகராணி தடித்த பேனாவை எடுத்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினார்: டொரீன் கந்தன். டொரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கிறாய்? எழுத்துப் பிழை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஆடாதேங்கோ" என்றார் யோகராணி. எண்ணெய்க் கையை மேலாடையில் துடைத்தார். டொரீனின் சட்டையில் ஏற்கெனவே இருந்த பிக்கர்ஸ்கிலுக்கு நேர் மேலே அந்தத் தாளை வைத்து, நாலு மூலையையும் பெருவிரலால் ஒவ்வொன்றாக அமத்திவிட்டார்.